கடன் பிள்ளையின் பெயரில். முடிவு யார் பெயரில்?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு ஆண்டும், தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எவ்வளவு கடன் என்ற மூன்று கேள்விகளுக்கு அப்பாவும் பெரியப்பாவும் தாய்மாமனும் கூடி விடை காண்கிறார்கள். அந்த விடையின்படி நான்கு ஆண்டுகள் படித்து, பிறகு பல ஆண்டுகள் கடனை அடைக்கப்போகிறவரிடம் பெரும்பாலும் கடைசியாகத்தான் கேட்கப்படுகிறது. சில வீடுகளில் கேட்கப்படுவதே இல்லை. வயதுவந்த பிள்ளைகளின் சொல்லுக்கு வீட்டில் எடை இல்லாமல் இருப்பது மனத்தாங்கல் சார்ந்த விஷயமாக மட்டுமே இதுவரை பேசப்பட்டுவருகிறது. அது பணம், சொத்து, பாதுகாப்பு ஆகியவற்றைத் தொடும் நடைமுறைச் சிக்கல் என்பதைக் கவனிக்க வேண்டிய காலம் இது.

நகர்ந்துகொண்டே போகும் எல்லை

18 வயது நிரம்பியவரைச் சட்டம் தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான ஆளாகக் கொள்கிறது. பேச்சுவழக்கில் இவரையே 'மேஜர்' என்கிறார்கள். 1875ஆம் ஆண்டின் சட்டம் இந்த வயதை வரையறுத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தகுதியும் இந்த வயதில்தான் வருகிறது. அரசமைப்பின் 61ஆவது திருத்தத்தால் 1989 முதல் வாக்குரிமை வயதும் 21இலிருந்து 18ஆகக் குறைந்தது.

ஆயினும், 18ஆவது பிறந்தநாள் விடிந்ததும் முதிர்ச்சி வந்துவிடாது என்று சொல்லும் பெரியவர்களை விவரமறியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30 என்று சட்டமும் படிப்படியாகவே பொறுப்பை ஒப்படைக்கிறது. ஆணின் திருமண வயதைக்கூட 21 என்றே வைத்திருக்கிறது. சட்டம் ஒவ்வொரு படிக்கும் ஒரு வயதை எழுதி வைத்திருக்க, குடும்பம் எதையும் எழுதி வைப்பதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. "முதல்ல படிப்பை முடி" என்ற நிபந்தனை "சம்பாதிச்சுக் காட்டு" என்றாகி, பிறகு "கல்யாணம் ஆகட்டும், பொறுப்பு தானா வரும்" என்றாகி, ஒரு குழந்தையும் பிறந்த பின்னர் "நீயெல்லாம் நேத்துப் பொறந்தவன்" என்பதில் வந்து நிற்கிறது. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அதை எட்ட முயல்வதை ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடுகிறார்.

இதிலுள்ள முரண்பாட்டுக்குக் கிராம சபையே போதுமான சான்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் உறுப்பினர்களாக இருக்கும் அந்த அவை, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே 18 வயதுப் பெண் எழுந்து நின்று ஊராட்சியின் வரவு செலவைத் தலைவரிடம் கேட்கலாம். அதே பெண் தன் வீட்டின் மாத வட்டி எவ்வளவு என்று கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம், போய்ப் படி" என்ற பதில்தான் கிடைக்கும்.

மேஜரின் முதல் கையெழுத்து

உயர்கல்வியில் தமிழ்நாடு எட்டியிருக்கும் உயரம் இந்தப் பிரச்சினையை இங்கே மேலும் கூர்மையாக்கியிருக்கிறது. 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டு உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் அளவைக் கூறும் மொத்தச் சேர்க்கை விகிதம், 2021-22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதற்கும் 28.4 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது. கல்லூரி வாசலை மிதிக்காத பெற்றோரின் பிள்ளைகள் பெருமளவில் கல்லூரிக்குள் வந்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். வீட்டிலேயே இளையவர்தான் இந்த ஒரு விஷயத்தில் அதிகம் அறிந்தவராக இருக்கும் நிலை இதனால் உருவாகியிருக்கிறது. வயதுக்கு ஏற்பவே சொல்லுக்கு மதிப்பு என்ற பழக்கம் மட்டும் மாறவில்லை.

இதன் விளைவைக் கலந்தாய்வில் காணலாம். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிவிட வேண்டும். அந்த வரிசையில் அவரது தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடம் ஒதுக்கப்படும். ஒதுக்கீட்டை ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டே மேலுள்ள விருப்பத்துக்காகக் காத்திருப்பதா என்பதைக் குறுகிய கால அவகாசத்துக்குள் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நுணுக்கமான நடைமுறையைப் படித்துப் புரிந்துகொள்பவர் மாணவர். வரிசையை எழுதிக் கொடுப்பவரோ, இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு முறையில் இடம்பெற்ற உறவினர்.

பண இழப்பும் இங்கேதான் நேர்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் சேர்வோருக்குத் தமிழ்நாடு அரசு 2010-11ஆம் கல்வியாண்டு முதல் வழங்கும் 'முதல் பட்டதாரி' கட்டணச் சலுகை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பிக்கொள்ளும் இடத்தில் சேர்வோருக்கு அது கிடைக்காது. "கலந்தாய்வு வரைக்கும் ஏன் காத்திருக்கணும், தெரிஞ்ச காலேஜ், சீட்டுப் போட்டு வெச்சிடலாம்" என்று முன்பணம் கட்டிவிடும் பெரியவர், தம் பிள்ளைக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டிய சலுகையைத் தாமே கழித்துவிடுகிறார். அதைச் சுட்டிக்காட்டிய பிள்ளையின் பேச்சு அந்த அறையில் எடுபட்டிருக்காது.

கல்விக் கடனில் இந்த முரண் இன்னும் வெளிப்படை. வங்கிக் கணக்கின்படி முதன்மைக் கடனாளி மாணவர், பெற்றோர் உடன்கடனாளி. ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்கு அரசின் உத்தரவாத நிதித் திட்டம் இருப்பதால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. எதிர்காலத்தில் மாணவர் ஈட்டப்போகும் வருமானமே பிணை என்று சொல்லலாம். படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும் என்பது பல மாணவர்களுக்கு முதல் தவணை அறிவிப்பு வரும்போதுதான் தெரியவருகிறது. கடன் பெறும்போது மாணவருக்கு 18 நிரம்பவில்லையெனில் பெற்றோரே ஆவணங்களில் கையெழுத்திடுவர். 18 நிரம்பியதும், அந்தக் கடனைத் தாம் ஏற்பதாக மாணவர் ஒப்புதல் கடிதம் தருவது வங்கி நடைமுறை. பல இளைஞர்கள் மேஜர் ஆனதும் இடும் முதல் கையெழுத்து, பிறர் எடுத்த முடிவுக்கான கடனை ஏற்றுக்கொள்ளும் கையெழுத்தாக அமைந்துவிடுகிறது. தவணை தவறினால் சரியும் கடன் மதிப்பெண்ணும் அவருடையதே. பின்னாளில் அவர் கேட்கும் வீட்டுக் கடன்வரை அது கூடவே வரும்.

வஞ்சினமும் நரைமுடியும்

இளமையைக் காரணம் காட்டிச் சொல்லைத் தள்ளுவது இன்றைக்கு ஏற்பட்ட வழக்கமல்ல. தன்னை இளையவன் என்று இகழ்ந்த பகைவரை வெல்லாவிட்டால் என்ன ஆகட்டும் என்று தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறும் பாடல் புறநானூற்றில் இருக்கிறது. பழமொழி நானூறு கூறும் சோழனோ வேறு வழியைத் தேர்ந்தான்: வழக்குக் கொண்டுவந்த முதியவர்கள், தீர்ப்புச் சொல்பவன் இளைஞன் என்று கண்டு தயங்கியதால், நரைமுடி அணிந்து முதியவனாக வந்து தீர்ப்பளித்தான். அவன் கரிகாலன் என்பது மரபு.

இன்றைய வீடுகளிலும் இளையோருக்கு இந்த இரண்டு வழிகள்தாம் எஞ்சியிருக்கின்றன. ஒரு சாரார் குரலை உயர்த்திச் சண்டையிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மற்றொரு சாரார் தம் கருத்தை அத்தையின் வாயாலோ, அப்பா மதிக்கும் நண்பரின் வாயாலோ சொல்லவைக்கிறார்கள். ஒரு மாதமாக மகள் சொல்லிவந்ததையே மாமா ஒரு மாலையில் சொல்லும்போது "நல்ல யோசனைதான்" என்று அப்பா தலையாட்டுவது, கடன் வாங்கிய நரைமுடிக்குக் கிடைக்கும் மரியாதை. காரியம் முடிந்துவிடுகிறது, ஆனால் மகளின் யோசனை மகளுடையதாகக் கணக்கில் ஏறுவதில்லை, ஆகவே அடுத்த முறையும் அவர் மாமாவைத் தேடித்தான் போக வேண்டும்.

மகன் சொல்லத் தந்தை கேட்ட மூன்றாவது வழிக்கும் தமிழரிடம் கோயில் இருக்கிறது. சுவாமிமலைத் தலபுராணத்தில் சிவபெருமானே சீடனாக அமர்ந்து மகனிடம் பிரணவப் பொருள் கேட்கிறார். வீட்டில் மட்டும், யோசனை சொன்ன பிள்ளையை நோக்கி "வந்துட்டான் தகப்பன்சாமி" என்று நக்கலாகச் சொல்வதற்கே தந்தைக்குக் குருவான அந்த மகனின் பெயர் பயன்பட்டுவருவது விந்தைதான்.

கைபேசிக்கு மட்டும் பெரியவர்

ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, மின்கட்டணம் செலுத்துவது, பயணச்சீட்டு எடுப்பது, மருத்துவமனையில் நேரம் பதிவது என்று கைபேசியில் நடக்கும் வீட்டு வேலைகள் அனைத்தும் இளையோர் கையில்தான் இருக்கின்றன. வேலையைச் செய்யச் சொல்லும் குடும்பம், அந்த வேலையிலிருந்து பிறந்த அறிவைக் கேட்பதில்லை. விரலை நம்புகிறது, தலையை நம்புவதில்லை.

இந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். காவல்துறை அல்லது புலனாய்வு அமைப்பின் அதிகாரி என்று சொல்லிக் காணொளி அழைப்பில் வந்து, "நீங்கள் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள், யாரிடமும் சொல்லக் கூடாது" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடியில், ஓய்வூதியர்களும் படித்த முதியவர்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்துவருகிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்க நேர்ந்தது. அப்படியொரு கைதுமுறை சட்டத்தில் கிடையாது என்பதை வீட்டிலிருக்கும் கல்லூரி மாணவர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லாததுதான் மோசடிக்காரரின் பலம். 'யாரிடமும் சொல்லாதே' என்ற கட்டளை, ஏற்கெனவே எதையும் பிள்ளைகளிடம் சொல்லாத வீட்டில் எளிதாகப் பலித்துவிடுகிறது.

கதவு அடைபட்டிருப்பது இரு பக்கமும்தான். கடன் செயலிகளிலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளிலும் பணத்தை இழக்கும் இளைஞர்கள், வீட்டில் சொன்னால் 'பார்த்தாயா, உன்னை நம்பியது தப்பு' என்ற தீர்ப்பு நிரந்தரமாகிவிடும் என்று அஞ்சி மறைக்கிறார்கள். முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் சில ஆயிரத்தோடு முடிந்திருக்கக்கூடிய இழப்பு, மறைத்ததால் லட்சங்களாக வளர்கிறது, சில வீடுகளில் உயிரையும் கேட்கிறது.

மகள்களின் நிலை இதிலும் ஒரு படி கீழே இருக்கிறது. பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. இருப்பினும், தன் பங்கை உடன்பிறந்தோருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் 'விடுதலைப் பத்திரம்', பல குடும்பங்களில் மகள் படித்துப் பார்க்காமலேயே பதிவாகிறது. ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பதுபோல் அழைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல்ரேகை வைக்கச் சொல்லும்போது மட்டும் அவர் மேஜர். என்ன பத்திரம் என்று கேட்டால் சின்னப் பெண். திருமணத் தெரிவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வயதுவந்த இருவரின் விருப்பத்துக்குக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ முன்நிபந்தனை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகக் கூறிய பிறகும், சாதியின் பெயரால் நடக்கும் கொலைகள் நிற்கவில்லை.

பெரியவர்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு

இத்தனையையும் முதியோரின் அகந்தை என்று ஒரு சொல்லில் அடக்குவது நியாயமாகாது. பெரும்பாலான பெற்றோருக்கு ஓய்வூதியம் இல்லை. பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைத்தவர்கள், நிலத்தை விற்றவர்கள் அவர்கள். பிள்ளை ஒரு தவறான முடிவெடுத்தால் அதன் செலவு பிள்ளையோடு நிற்பதில்லை, தங்கையின் திருமணத்தையும் தாத்தாவின் மருத்துவத்தையும் சேர்த்தே பாதிக்கிறது. ஒருமுறை சறுக்கினால் தாங்கிப் பிடிக்க வேறு ஏற்பாடு இல்லாத வீட்டில், கட்டுப்பாடு என்பது காப்பீட்டின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

ஆனால், அந்தக் கணக்கைப் பிள்ளைகள் ஒருபோதும் பார்த்ததில்லை என்பதுதான் இதில் விடுபட்ட பகுதி. வீட்டு வருமானம், வட்டி, அடகுச் சீட்டு எதுவும் காட்டப்படாமல் வளர்ந்தவரிடம் பொறுப்புணர்வை எதிர்பார்ப்பதும், அது வந்த பிறகுதான் கணக்கைக் காட்டுவேன் என்பதும் ஒன்றையொன்று தடுக்கின்றன. விலை உயர்ந்த கைபேசி கேட்டு அடம்பிடிக்கும் மகன், அந்த மாத நகைக்கடன் வட்டியின் தொகையை அறிந்தவனாக இருந்தால் கேட்டிருக்கமாட்டான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அறியாதவனாக இருக்கும்வரை அவனைக் குறை சொல்லவும் முடியாது.

மறைத்து வைப்பதன் இழப்பு பெற்றோரின் காலத்துக்குப் பிறகும் தொடர்கிறது. பத்து ஆண்டுகள் இயக்கப்படாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதியத்துக்குப் போய்விடுகின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க 2023இல் 'உத்கம்' என்ற இணையதளத்தையே ரிசர்வ் வங்கி தொடங்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்குகளில் ஒரு பகுதியாவது, பிள்ளைகளிடம் சொல்லப்படாததால் உரிமையாளரோடு மறைந்துபோனவையாகத்தான் இருக்கும்.

என்ன செய்யலாம்?

கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முன் குடும்பம் மூன்று தொகைகளைப் பிள்ளையின் முன் வைக்கட்டும்: மாத வருமானம், நிலுவையிலுள்ள கடன், படிப்புக்காக ஆண்டுக்கு ஒதுக்கக்கூடிய தொகை. உச்சவரம்பை நிர்ணயிப்பது பெரியவர்களின் உரிமை. அந்த வரம்புக்குள் பிரிவையும் கல்லூரியையும் வரிசைப்படுத்துவது படிக்கப்போகிறவரின் உரிமை. முடிவை யார் எடுப்பது என்ற சண்டையை, எவ்வளவுக்குள் எடுப்பது என்ற பேச்சாக மாற்றினாலே பாதி உரசல் குறையும்.

இளையோர் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. 'என்னை ஏன் நம்பமாட்டேன் என்கிறீர்கள்' என்ற கேள்வியால் யாரும் நம்பத் தொடங்கியதில்லை. கேட்பதை ஒரு தாளில் எழுதி, விடுதிச் செலவு உட்பட மொத்தம் எவ்வளவு, எதிர்பார்த்தபடி வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வழி என்ன, கடனாயின் மாதத் தவணை எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வருபவரின் பேச்சைத் தட்டிக்கழிப்பது கடினம். உறவினர் நிறைந்த கூடத்தில் அப்பாவை மறுத்துப் பேசுவதைவிட, இரவு உணவுக்குப் பின் அவர் தனித்திருக்கும்போது பேசுவது பலன் தரும். நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியாதவர் தனிமையில் விட்டுக்கொடுப்பார் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த செய்தி. காப்பீட்டைப் புதுப்பிக்கும் தேதி, பாட்டியின் மாத்திரை, சொத்துவரி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை முழுமையாகத் தம் பொறுப்பில் எடுத்து, நினைவூட்டல் இல்லாமலேயே ஓராண்டு நடத்திக் காட்டுவது எந்த வாதத்தையும்விட வலுவானது.

தவறுக்கும் ஒரு வரம்பு முன்கூட்டியே பேசப்பட வேண்டும். இத்தனை ரூபாய் வரையிலான இழப்பை அன்றைக்கே சொல்லிவிட்டால் திட்டு கிடையாது என்ற உடன்பாடு, பெரியவர்களுக்கும் சேர்த்தே, ஒரு வீட்டில் இருந்தால் மோசடி நடந்த சில மணி நேரத்துக்குள் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க முடியும். பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்துவதற்கு அந்த முதல் சில மணி நேரமே முக்கியம்.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியருக்கு 2022 முதல் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் ரூ.1,000 அவரவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டை அவரவர் கையில் இருக்கட்டும். செலவுக் குறிப்பை மாதம் ஒருமுறை வீட்டில் காட்டட்டும். அதே நாளில் பெற்றோரும் வீட்டுக் கணக்கைக் காட்டினால், பிள்ளை அதை விசாரணையாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

அரசும் வங்கிகளும் சிறிய மாற்றங்களால் பெரிய உதவி செய்யலாம். உயர்கல்வி வழிகாட்டலுக்காகப் பள்ளிகளில் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் நடக்கும் நிகழ்வுகளில் ஓர் அமர்வு பெற்றோரும் மாணவரும் சேர்ந்து அமர்வதாக, முதல் பட்டதாரிச் சலுகையையும் கடன் விதிகளையும் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளக்குவதாக இருக்கலாம். கல்விக் கடன் வழங்கும் வங்கி அலுவலர், படிப்பு முடியும் நாளில் வட்டியோடு சேர்ந்து நிற்கக்கூடிய தொகையையும் மாதத் தவணையையும் தமிழில் எழுதி, மாணவரிடம் தனியே பத்து நிமிடம் விளக்கிய பிறகே ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். விடுதலைப் பத்திரம் பதிவாகும்போது, பங்கை விட்டுக்கொடுக்கும் பெண்ணிடம் உறவினர் இல்லாத அறையில், பத்திரத்தின் சாரத்தையும் அவர் விட்டுக்கொடுக்கும் பங்கின் வழிகாட்டி மதிப்பையும் சார்பதிவாளர் படித்துக் காட்டி, வேண்டுமானால் ஒரு வாரம் யோசித்துவிட்டு வரலாம் என்று சொல்வதைப் பதிவுத்துறை கட்டாயமாக்க வேண்டும்.